‘பழக்கம் எதுவும் இல்லை’ என்று நான் எழுதிய ஞாயிற்றுக்கிழமை

கேஷுவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடுவதையும் டிரிப் ஏற்றுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் எங்களைவிட நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறீர்கள். நான் சொல்லப்போவது வேறு. முப்பத்து நான்கு வருடம் இந்த ஹைதராபாத்தில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது வீட்டில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட என்னைப் பல்லைக் கடிக்க வைக்கிற ஒரு நாளைப் பற்றி. கோபமாகத்தான் எழுதுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உங்கள் சீனியர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பேகம்பேட் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே கேஷுவாலிட்டிக்கு நான்தான் இன்சார்ஜ். அதற்கு முன் பதினோரு வருடம் அதே மருத்துவமனையில் நியூரோ வார்டில் இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். செகந்திராபாத்தில் எங்கள் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை ஞாயிறு காலை மட்டும்தான். அது தவறிப்போனால் அந்த வாரம் முழுக்கத் தெலுங்கும் ஆங்கிலமும்தான் காதில் விழும்.

அந்த ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். பூசையிலிருந்தே ஒரு பையனைக் காரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஜெரால்டு என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதில்லை. எங்கள் தமிழ்ப் பாடல் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். இருபத்தேழு வயது. மல்காஜ்கிரியில் வீடு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து காலமானவர். அவன் ஒரு ஸ்டூடியோவில் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டிருந்தான். கூடவே அவன் அம்மா, புடவைத் தலைப்பு தரையில் புரள ஓடி வந்தார்.

“அக்கா, நீங்க இருக்கியளா, மாதாவே! காணிக்கைப் பாட்டு வாசிச்சிட்டு இருந்தான்க்கா. திடீர்னு முதுகப் பிடிச்சிட்டு அப்படியே சரிஞ்சிட்டான்.”

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே யாரோ கத்தியைச் சொருகியது மாதிரி வலி என்று அவன் அரற்றினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாடி நூற்று முப்பதுக்கு மேல். பி.பி. மேலே நூற்றுத் தொண்ணூறு. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். கண்பாவை அகல விரிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டும் சரியாகச் சுருங்கவில்லை.

இதையெல்லாம் ஒரு பரீட்சைத் தாளில் எழுதிக்கொடுத்தால், உங்களில் முதல் வருடம் முடித்தவள்கூட ‘ஏதோ உள்ளே போயிருக்கிறது’ என்று எழுதிவிடுவாள். நானும் எழுதியிருப்பேன், அது வேறு யாராவதாக இருந்தால். பஞ்சாரா ஹில்ஸ் பணக்கார வீட்டுப் பையனாக இருந்தால், கையில் பச்சை குத்தியவனாக இருந்தால், என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இவன் நம்ம ஜெரால்டு. கண்பாவை விரிந்ததற்கு வலி காரணம், வியர்வைக்குப் பயம் காரணம் என்று நானே மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டேன்.

கேஸ் ஷீட்டில் ‘பழக்கங்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்கு வந்ததும் அவன் அம்மாவைப் பார்த்து ஒப்புக்கு, “பழக்கம் ஒண்ணும் இல்லல்ல?” என்றேன்.

“அவனுக்கு என்னக்கா பழக்கம் இருக்கப்போவுது? நீங்க பாக்காத பிள்ளையா? ஒரு சிகரெட்டு உண்டுமா? கோயிலு, வேலை, வீடு, அவ்வளவுதான்.”

‘இல்லை’ என்று எழுதினேன். எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் டியூட்டி டாக்டர் முடிவெடுத்தார். இளைஞர், தெலுங்குக்காரர், கெட்டவர் இல்லை. ஈ.சி.ஜி.யில் சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன. மாரடைப்பாக இருக்கலாம், அப்பாவும் இதயத்தில்தான் போனார் என்று அம்மா சொன்னது வேறு சேர்ந்துகொண்டது. போனில் இதய மருத்துவரைப் பிடித்தார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரைகளைக் கொடுங்கள், அதற்கே ஹெப்பாரின் ஊசியையும் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. மாத்திரைகளை நான்தான் கொடுத்தேன். என் கையால், அவன் தலையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் ஊற்றி விழுங்க வைத்தேன்.

ஹெப்பாரினைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அவன், “ஆன்ட்டி, யூரின் வர்ற மாதிரி இருக்கு, ஆனா வரல” என்றான். பாட்டிலை வைத்துப் பார்த்தேன். வரவில்லை. “கொஞ்சம் இடுப்பத் தூக்கு” என்றேன். தூக்க முடியவில்லை.

“கால் என்னோடதே இல்லாத மாதிரி இருக்கு ஆன்ட்டி. மரத்துப்போச்சு.”

போர்வையை விலக்கி, ஸ்பிரிட் பஞ்சை எடுத்துப் பாதத்திலிருந்து மேலே மேலே தடவிக்கொண்டே போனேன். “சில்லுனு இருக்கா? இங்க? இங்க?” பாதத்தில் இல்லை. முழங்காலில் இல்லை. தொப்புளில் இல்லை. மார்புக்குக் கிட்டே வந்ததும்தான், “ஆ, இப்ப தெரியுது” என்றான்.

மாரடைப்பு வந்தவனுக்குக் கால் செத்துப்போகாது. முதுகில் இடி விழுந்த மாதிரி வலி, பிறகு கால் போவது, சிறுநீர் நிற்பது, உடம்பில் கோடு போட்ட மாதிரி ஒரு இடத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போவது. இதை நியூரோ வார்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். முதுகெலும்புக்குள்ளே இரத்தக்குழாய் வெடித்து, கசிந்த இரத்தம் கட்டியாகித் தண்டுவடத்தை நெரிக்கும். மணிக்கணக்கில் விட்டால் கால் திரும்பாது. அப்படிக் கசிந்துகொண்டிருக்கும் உடம்பில்தான் இரத்தத்தை உறையவிடாத மருந்தை நான் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று சிரிஞ்சில் என் கையில் இருக்கிறது.

சிரிஞ்சை டிரேயில் வைத்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பயத்துல வேகமா மூச்சு விடறான் சிஸ்டர். அதனால மரத்துப்போகும். நேரம் ஆகுது, ஊசியப் போடுங்க” என்று தெலுங்கில் விரட்டினார்.

“போட மாட்டேன் சார்.”

“என்னது?”

“மார்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல, கால் அசையலன்னு நான் நேரம் போட்டு எழுதிடறேன். அதுக்குக் கீழ நீங்க எழுதிட்டு நீங்களே போடுங்க.”

தைரியசாலி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரின் உத்தரவை மறுக்கிற நர்ஸுக்கு என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: வாயால் தகராறு செய்தால் அவர்கள் உங்களை அடக்கிவிடுவார்கள். எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அவரும் யோசித்தார். எனக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

அம்மாவை வெளியே போகச் சொன்னேன். போகவில்லை. “என் பிள்ளைய விட்டுட்டு நான் எங்க போவ?” என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிரித்து, ஏறக்குறையத் தள்ளிக்கொண்டுதான் போய் வெளியே விட்டேன். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அவன் காதருகே குனிந்தேன்.

“எதாவது எடுத்தியா?”

“ஹவ் ஆன்ட்டி.”

ஹைதராபாத் பேச்சில் ‘ஆமாம்’. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“என்ன? எப்ப?”

“கோக். ஆன்ட்டி, ரெண்டு நாளா தூங்கல. படம் விடியக்காலைல கொடுக்க வேண்டியிருந்துச்சு. ஸ்டூடியோவுல எல்லாரும் எடுக்கறாங்க. பூசையில தூங்கி விழுந்துடுவேன்னு காலைல வீட்டு பாத்ரூம்ல இன்னொரு தடவ...”

பூசையில் தூங்கக் கூடாது என்பதற்காகக் கொகெய்னை உறிஞ்சியிருக்கிறான். சிரிப்பதா அழுவதா? அந்த ஸ்டூடியோ முதலாளியை அந்த நேரத்தில் என் முன்னால் நிறுத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. இரண்டு நாள் தூங்க விடாமல் வேலை வாங்குவான். விழித்திருக்க வழியையும் சீனியர்கள் கையாலேயே காட்டுவான். கட்டிலில் கிடப்பது மட்டும் மல்காஜ்கிரிப் பையன். இன்றைக்கும் அந்தக் கம்பெனி எடுத்த விளம்பரம் டிவியில் வந்தால் நான் சேனலை மாற்றிவிடுகிறேன்.

அந்தப் பொடி உள்ளே போனதும் பி.பி. ஒரேயடியாக எகிறும். எங்கே குழாய் பலவீனமாக இருக்கிறதோ அங்கே வெடிக்கும். மூளையில் வெடிக்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். முதுகுக்குள்ளும் வெடிக்கலாம் என்பது அரிது. அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

நான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பத்து நிமிடம் முன்வரை அவன் இதய நோயாளி. அவனுக்காகப் போனில் மன்றாடிக்கொண்டிருந்தார். இப்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஓ, அந்தக் கேஸா? முன்னாடியே சொல்லக் கூடாதா? நடிப்பு சிஸ்டர், எல்லாம் நடிப்பு. தூக்க ஊசி போட்டுப் படுக்க வைங்க. சாயங்காலம் எழுந்து நடப்பான். நான் போலீஸுக்குத் தகவல் எழுதணும், அப்புறம் கோர்ட்டுக்கு அலையணும்.”

“சார், மூத்திரம் நின்னுபோனது நடிப்பா? காலுல ஊசியால குத்திப் பார்த்தேன், முகம்கூடச் சுளிக்கல. அது நடிப்பா?”

“நீங்க டாக்டரா, நான் டாக்டரா?”

உண்மை தெரியாமல் தப்பு செய்வதை மன்னிக்கலாம். அவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்து மாரடைப்பு என்று நினைத்ததில் எனக்குக் கோபமே இல்லை. நான் எழுதிய ‘இல்லை’யை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்கள். உண்மை தெரிந்த பிறகு, அந்த உண்மையையே சாக்காக வைத்துக்கொண்டு நோயாளியைக் கைகழுவுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியாது. போதைப்பொருள் எடுத்தவனுக்குத் தண்டுவடம் கிடையாதா? அவன் செய்தது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவன் கால் போகிறது என்று சொல்ல அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

இனிமேல் இவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. அவரைத் தாண்டி மேலே போனேன். பழைய வார்டில் பழக்கமான நியூரோ சர்ஜனின் வீட்டு எண் என்னிடம் இருந்தது. திருமுல்கேரியில் இருந்தார். அழைத்தேன்.

“சொல்லுங்க சிஸ்டர்.” நடந்ததைச் சொன்னேன்.

“முதுகு வலி எப்போ ஆரம்பிச்சது?” என்றார். ஒன்பதே முக்கால். “கால் எப்போ போச்சு?” அரை மணி நேரத்துக்குள்ளே. “இதுவரை என்ன கொடுத்தாங்க?” மாத்திரைகளைச் சொன்னேன்.

“யார் கொடுத்தது?”

“நான்தான் சார்.”

“சரி. நான் கிளம்பறேன். நான் வர்றதுக்குள்ள எம்.ஆர்.ஐ. முடிஞ்சிருக்கணும். டியூட்டி டாக்டர்கிட்ட போனக் கொடுங்க.”

டியூட்டி டாக்டர் எழுந்து நின்று பேசினார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. படத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அந்தக் கட்டி தண்டுவடத்தைப் பின்னாலிருந்து நெரித்துக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. டியூட்டி டாக்டர் என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தி வைக்க நேரம் இருந்தது. ஆனால் நான் விழுங்க வைத்த மாத்திரைகள் உள்ளே இருந்தன. வெட்டினால் இரத்தம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை, இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் பைகளுக்காக மூன்று இரத்த வங்கிகளைத் தேடி ஆள் அனுப்பினோம். முழுசாக வரும்வரை காத்திருக்க முடியாது என்று சர்ஜன், வந்த பைகளை ஏற்றிக்கொண்டே முதுகைத் திறந்தார். கட்டியை எடுத்தார். மாலையில் இரண்டு காலிலும் விரல்கள் லேசாக அசைந்தன. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை அதே இடத்தில் இரத்தம் மறுபடி கசிந்து தேங்கியது. மறுபடி திறந்தார்கள். வலது கால் தப்பியது. இடது கால் அசைவு குறைந்துபோனது.

மாத்திரையால்தானா என்று சர்ஜனிடம் கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது சிஸ்டர்” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னும் இரண்டு கோபம் மிச்சம் இருக்கிறது. ஒன்று, நம் ஆட்கள் மேல். திரைச்சீலைக்குள் அவன் என் காதில் மட்டும் சொன்னது, அன்று சாயங்காலமே பாடல் குழுவுக்கு எட்டிவிட்டது. கேஷுவாலிட்டியில் ஒருத்தி போனில் தட்டியிருக்கிறாள். அவளைக் கண்டுபிடித்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நோயாளி உயிர்ப்பயத்தில் சொன்னது நமக்கு வம்பு பேசக் கிடைத்த சரக்கு இல்லை. அது அப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால் அடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான், வாயைத் திறக்காமலே செத்துப்போவான்.

இன்னொன்று, அவன் அம்மா மேல். மூன்றாம் நாள் என்னை வராந்தாவில் மடக்கினார்.

“அக்கா, அந்தப் பேப்பர்ல எழுதியிருக்கியள்லா, அத எடுத்திருங்க. நாளைக்கு எவன் அவனுக்குப் பொண்ணு கொடுப்பான்? கோயில்ல மொகத்தக் காட்ட முடியல.”

“உங்க பையன் கால் வருமான்னு கேளுங்க முதல்ல!” என்று கத்தினேன். “பழக்கம் இல்லன்னு நீங்க சொன்னத எழுதித்தானே இவ்வளவும்! தெரியாதா உங்களுக்கு? ராத்திரி பகலா தூங்காம இருக்கானே, பாத்ரூம்ல கதவச் சாத்திக்கிறானே, ஒரு நாளாவது கேட்டீங்களா?”

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு பல வாரம், புதிதாக வருகிற ஒவ்வொரு நர்ஸிடமும் இந்தக் கதையைச் சொல்லி, “வீட்டு ஆட்களை முதலில் வெளியே அனுப்பு, அவர்கள் பக்கத்தில் இருந்தால் நோயாளி பொய்தான் சொல்வான்” என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஜெரால்டு மூன்று மாதம் பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்தான். கடைசி வாரத்தில் ஒரு மதியம், டியூட்டி முடிந்து அவனைப் பார்க்கப் போனேன். இரண்டு பக்கமும் கம்பி வைத்த நடைபாதையில் மெதுவாக நடந்துகொண்டிருந்தான். நான் அங்கேயும் என் பாடத்தைத் தொடங்கினேன். அம்மா பக்கத்தில் நின்றதால்தான் நீ சொல்லவில்லை, எனக்குப் புரிகிறது, அன்றைக்கு முதலிலேயே உன் அம்மாவை வெளியே அனுப்பியிருந்தால் இந்த மாத்திரை விவகாரமே வந்திருக்காது என்றேன்.

அவன் நின்றான்.

“இல்ல ஆன்ட்டி. உள்ள வந்ததுமே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அம்மா இருந்தாக்கூட. செத்துடுவேன்னு நெனச்சிட்டு இருந்தேன், அதுல என்ன வெக்கம்? நீங்க என்னைக் கேக்கவே இல்லையே. அம்மாவத்தான் கேட்டீங்க.”

அவன் குரலில் கோபம் இல்லை. அவனுக்கு இருக்க வேண்டிய கோபம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தான். இடது கால் தரையில் இழுபட்டுக்கொண்டே பின்னால் வந்தது.